தெருக்கூத்துக் காணொளிகளை ஊர்க்காரர்களே பதிவேற்றும் தளம்: எந்த ஹோஸ்டிங் தாங்கும்?

1. அதிகாலைக்கூத்து (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பா கூத்து ஜமா (ஆட்டக் குழு) ஒன்றில் நெடுங்காலம் மத்தளம் வாசித்தவர். அவர் வாசித்த ஆட்டங்களில் ஒன்றுகூட முழுதாகப் பதிவாகவில்லை என்ற குறை எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அந்தக் குறையில் பிறந்ததுதான் எங்கள் தளம். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் வட்டாரங்களில் கோடைக்காலப் பாரதத் திருவிழாக்களில் நடக்கும் கூத்துகளை, பார்க்க வருகிறவர்களும் ஜமாக்காரர்களும் படம்பிடித்து, தாங்களே பதிவேற்ற வேண்டும் என்பது நோக்கம்.

தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. "அன்லிமிட்டட்" என்று விற்கப்பட்ட ஒரு ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிரும் வாடகை சர்வர்) திட்டத்தில் மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது. சென்ற கோடையில் ஒரு கர்ணன் வேடக்காரரின் இருபது நிமிடக் காணொளி வாட்ஸாப் குழுக்களில் பரவியபோது, மறுநாள் காலையில் எங்கள் கணக்கு முழுவதுமாக நிறுத்தப்பட்டிருந்தது. கேட்டதற்கு, "நியாயமான பயன்பாட்டு வரம்பை மீறிவிட்டீர்கள், ஊடகக் கோப்புகளை வைத்துக்கொள்வதற்கு இந்தத் திட்டம் அல்ல" என்று பதில் வந்தது. விதிமுறைப் பக்கத்தின் அடியில் அது எழுதப்பட்டிருந்தது உண்மைதான். வாங்கும்போது நான் படிக்கவில்லை.

அதைவிட என்னை வருத்துவது பதிவேற்றம். செஞ்சி பக்கத்திலிருந்து ஒருவர் மொபைல் டேட்டாவில் நாற்பது நிமிடம் காத்திருந்து, கடைசியில் வெறும் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவர் திரும்ப முயலவே இல்லை.

இப்போது கையில் இருப்பவை அறுபது இரவுகளின் பதிவுகள். பெரும்பாலானவை எட்டு மணி நேரம் ஓடுபவை. மாதம் மூவாயிரம் ரூபாய்வரை செலவிட முடியும். விபிஎஸ் (ஒரு சர்வரில் நமக்கென ஒதுக்கிய வாடகைப் பங்கு) வாங்குவதா, வாங்கினால் எவ்வளவு பெரியது, எந்த நிறுவனத்திடம் என்று வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

2. பழையசர்வர்

வணக்கம் ஐயா. அந்த வெள்ளைப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் சிக்கலின் பாதி அதில் இருக்கிறது.

பிஎச்பி தன் இயல்பான அமைப்பில் 2 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஒரு படிவத்தின் மொத்த அளவு 8 எம்பியைத் தாண்டக் கூடாது. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள் இருந்தால் அதன் இயல்பான வரம்பு 1 எம்பிதான். ஹோஸ்டிங் நிறுவனங்கள் இவற்றை உயர்த்தி வைத்திருப்பார்கள், நீங்களும் ஓரளவு உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் ஒரே கோரிக்கையாக ஒரு ஜிபியை அனுப்பும் முறையில், அந்த நாற்பது நிமிடத்தில் எங்கே ஒரு நொடி இணைப்பு அறுந்தாலும், அல்லது நடுவில் உள்ள ஏதோ ஒரு சர்வரின் காலக்கெடு முடிந்தாலும், அதுவரை சென்ற அனைத்தும் வீண். 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு இரண்டு மெகாபிட்) வேகத்தில் மேலே ஏற்றினால் ஒரு ஜிபிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிராமத்து டவரில் அவ்வளவு நேரம் அறுபடாத இணைப்பை எதிர்பார்ப்பது அநியாயம். பெரிய விபிஎஸ் வாங்கினாலும் இது தீராது. கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பி, அறுந்த இடத்திலிருந்து தொடரும் பதிவேற்றம்தான் இதற்கு மருந்து. "டஸ்" என்ற திறந்த நெறிமுறை இதற்கென்றே இருக்கிறது. "அப்பி" என்ற உலாவிக் கருவியைத் தளத்தில் சேர்த்தால் முன்பக்க வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "எந்த ஹோஸ்டிங்" என்று ஒருமையில் கேட்கிறீர்கள். காணொளித் தளத்துக்கு நான்கு தனி வேலைகள் உண்டு: பக்கங்களைக் காட்டுவது, பதிவேற்றத்தை வாங்குவது, காணொளியைப் பல தரங்களுக்கு மாற்றுவது, பார்ப்பவருக்குக் கொண்டுசேர்ப்பது. முதல் வேலைக்கு மிகச் சிறிய விபிஎஸ் போதும். மற்ற மூன்றையும் அதே இயந்திரத்தின் தலையில் ஏற்றுவதால்தான் எல்லோரும் அடிபடுகிறோம். ஷேர்டு ஹோஸ்டிங்கில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இயந்திரத்தைப் பகிர்கிறார்கள். "அன்லிமிட்டட்" என்பது யாரும் அப்படிப் பயன்படுத்த மாட்டார்கள் என்ற கணக்கில் சொல்லப்படுவது. உங்களை நிறுத்தியவர்களுக்கு அண்டை வீட்டுக்காரரைக் காப்பாற்றும் பொறுப்பும் இருந்திருக்கும்.

3. கணக்குப்பிள்ளை

பெயர்களைப் பேசுமுன் எண்களைப் போட்டுவிடுவோம். காணொளி ஹோஸ்டிங்கில் பணத்தைத் தின்பது இடம் அல்ல. வெளியே போகும் தரவு.

உங்கள் கேமரா பதிவு 17 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 127 எம்பி, எட்டு மணி நேரத்துக்கு 61 ஜிபி. அறுபது இரவுக்கு 3.7 டிபி. இது மூலக்கோப்பு மட்டும். இதை யாரும் இணையத்தில் நேரடியாகப் பார்க்கப் போவதில்லை. பார்ப்பதற்கான பிரதிகளை 720பி (ஒலியோடு 1.6 எம்பிபிஎஸ்), 480பி (0.83), 360பி (0.5) என்று மூன்று தரங்களில் செய்தால் ஓர் இரவுக்கு முறையே 5.8, 3, 1.8 ஜிபி வரும். கூட்டினால் பத்தரை ஜிபி; அறுபது இரவுக்கு 630 ஜிபி. ஆக, எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது 630 ஜிபி. ஆறு மடங்கு பெரிதான மூலக்கோப்புகள் குளிர்ந்த இடத்தில் (அரிதாக எடுப்பவற்றுக்கான மலிவுச் சேமிப்பில்) தூங்கலாம். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

இனி வெளியே போவது. நாளைக்கு 200 பேர், ஆளுக்கு நாற்பது நிமிடம் 480பியில் பார்க்கிறார்கள் என்று கொள்வோம். ஆளுக்கு 250 எம்பி, நாளைக்கு 50 ஜிபி, மாதத்துக்கு 1.5 டிபி. அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3யின் மும்பை மையத்திலிருந்து நேரே வெளியே அனுப்பினால் ஜிபிக்கு ஏறக்குறைய 11 சென்ட் என்ற பட்டியல் விலையில் 164 டாலர். ரூபாயில் பதினான்காயிரத்துக்குக் குறையாது. உங்கள் பட்ஜெட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஏதோ ஒரு காணொளி வாட்ஸாப்பில் பரவிய மாதத்தில் இது பத்து மடங்கு ஆனாலும் தடுக்க யாரும் இல்லை. ஷேர்டு ஹோஸ்டிங் உங்கள் கணக்கை நிறுத்தியது. இங்கே கணக்கு நிற்காது, பில் வரும். எது மோசம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

4. வெண்திரை

இவ்வளவு பாடு எதற்கு? யூடியூபில் "அன்லிஸ்டட்" ஆக (முகவரி தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி) பதிவேற்றி உங்கள் பக்கத்தில் பதித்துவிடலாமே. கணக்கைச் சரிபார்த்துவிட்டால் 12 மணி நேரம் அல்லது 256 ஜிபிவரை ஒரே காணொளியாக ஏற்கிறார்கள். உங்கள் விடிய விடியக் கூத்து அதில் அடங்கிவிடும். செலவு ஒன்றுமில்லை.

5. அதிகாலைக்கூத்து

வெண்திரை அவர்களுக்கு நன்றி. அதை ஓராண்டு செய்து பார்த்தோம்; இப்போதும் ஒரு பிரதி அங்கே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூன்று இடங்களில் இடித்தது.

கட்டியங்காரன் கூட்டத்தைச் சிரிக்க வைக்கச் சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்துப் பாடுவது கூத்தில் வழக்கம். ஆர்மோனியக்காரரும் அதைப் பின்பற்றுவார். அந்த இரண்டு நிமிடத்துக்காக எட்டு மணி நேரப் பதிவின் மீது உரிமைக் கோரிக்கை விழுந்தது. இரண்டாவது, பயனர்கள் எங்கள் தளத்தின் வழியாகப் பதிவேற்ற வேண்டும் என்றால் யூடியூபின் நிரல் இடைமுகத்தை (ஏபிஐ) பயன்படுத்த வேண்டும். 2020 ஜூலை 28க்குப் பிறகு தொடங்கிய, தணிக்கை முடியாத திட்டங்கள் வழியே ஏறும் காணொளிகள் "பிரைவேட்" ஆகவே பூட்டப்பட்டுவிடுகின்றன. மூன்றாவது எனக்கு முக்கியம். படுகளம் (துரியோதனன் வீழும் நிகழ்வு) முடிந்து திரௌபதி அம்மன் கூந்தல் முடியும் இடத்துக்கு நடுவே விளம்பரம் வந்தால், அந்த ஊர்க்காரர்களின் முகத்தில் நான் விழிக்க முடியாது.

கணக்குப்பிள்ளை அவர்களின் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். மூலக்கோப்பையும் பார்க்கும் பிரதியையும் பிரித்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

6. மேகமலை

எண்கள் வந்துவிட்டதால் பெயர்களைச் சொல்லலாம். விலைகள் மாறக்கூடியவை, வாங்குமுன் ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

வெளியே போகும் தரவுக்குக் கட்டணம் வாங்காத ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் (கோப்புகளை மட்டும் வைக்கும் இணையச் சேமிப்பு)தான் உங்களுக்குப் பொருந்தும். கிளவுட்ஃபிளேரின் ஆர்2 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஜிபிக்கு மாதம் 1.5 சென்ட், வெளியே போவதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் 630 ஜிபிக்கு மாதம் ஒன்பதரை டாலர். கோரிக்கைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு: எழுதுவதற்குப் பத்து லட்சத்துக்கு 4.50 டாலர், படிப்பதற்குப் பத்து லட்சத்துக்கு 0.36 டாலர், அதிலும் மாதம் ஒரு கோடி படிப்புகள் இலவசம். நீங்கள் சொல்லும் பார்வை அளவில் காணொளியை ஆறு விநாடித் துண்டுகளாகக் கொடுத்தால் மாதம் 24 லட்சம் படிப்புகள் வரும். இலவச வரம்புக்குள் அடங்கிவிடும்.

பேக்பிளேஸின் பி2 2023 அக்டோபர் விலைப்படி டிபிக்கு மாதம் 6 டாலர். சேமித்த அளவைப் போல மூன்று மடங்குவரை இலவசமாக வெளியே எடுக்கலாம். வசாபியும் மலிவுதான், ஆனால் வழக்கமான திட்டத்தில் எந்தக் கோப்பை இன்று போட்டு நாளை அழித்தாலும் 90 நாளுக்கான கட்டணம் உண்டு என்பதையும், வெளியே எடுப்பது சேமித்த அளவைத் தாண்டக் கூடாது என்பதையும் மறந்துவிட வேண்டாம். உங்களிடம் சேமிப்பைவிடப் பார்ப்பது அதிகம், ஆகவே அது வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "சிறிய விபிஎஸ்ஸில் காணொளியை வைத்து, முன்னால் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தைப் போட்டுவிடுங்கள்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். வேறிடத்தில் வைத்த காணொளியைத் தங்கள் சாதாரண சிடிஎன் (பல இடங்களில் பிரதி வைத்துக் கொண்டுசேர்க்கும் சர்வர் வலையமைப்பு) வழியே பெருமளவில் கடத்துவதை அவர்களுடைய விதிமுறை அனுமதிப்பதில்லை. 2023 மே மாதத்தில் விதியின் வாசகம் மாறியது. தங்கள் ஆர்2யிலோ ஸ்ட்ரீம் சேவையிலோ வைத்த காணொளிக்கு அந்தத் தடை இல்லை என்று தெளிவாக்கினார்கள். நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை விதிமுறைப் பக்கத்தால் அடிபட்டவர். இன்னொரு முறை வேண்டாம்.

நிமிடக் கணக்கில் விலை வைக்கும் முழுச் சேவைகளையும் பார்த்துவிடுவோம். அதே நிறுவனத்தின் ஸ்ட்ரீம் சேவை, சேமித்த ஆயிரம் நிமிடத்துக்கு 5 டாலர், பார்க்கப்பட்ட ஆயிரம் நிமிடத்துக்கு 1 டாலர். பதிவேற்றம், தரமாற்றம், பிளேயர் எல்லாம் அதில் அடக்கம், மிகச் சுகமான சேவை. ஆனால் உங்களிடம் 28,800 நிமிடம் இருக்கிறது: 144 டாலர். பார்ப்பது மாதம் 2,40,000 நிமிடம்: 240 டாலர். ஒரு நிமிடச் சமையல் குறிப்பு போடும் தளத்துக்கு இது நல்ல வழி. இரவு முழுக்க ஓடும் கலைக்கு நிமிட விலை ஒத்துவராது.

பதிவேற்றத்தைப் பற்றி பழையசர்வர் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எஸ்3 முறையைப் பின்பற்றும் எல்லா ஸ்டோரேஜிலும், உங்கள் சர்வர் ஒரு தற்காலிக அனுமதி முகவரியை மட்டும் கையொப்பமிட்டுக் கொடுத்தால் போதும். பயனரின் போனிலிருந்து கோப்பு உங்கள் விபிஎஸ்ஸைத் தொடாமல் நேரே ஸ்டோரேஜுக்குப் போகும். கோப்பைத் துண்டுகளாக அனுப்பலாம். கடைசித் துண்டைத் தவிர மற்றவை குறைந்தது 5 எம்பி இருக்க வேண்டும். ஒரு கோப்புக்கு அதிகபட்சம் 10,000 துண்டுகள். பலர் 5 எம்பி என்றே விட்டுவிடுவார்கள். அப்படியானால் உச்சம் ஏறக்குறைய 50 ஜிபி. உங்கள் 61 ஜிபிக் கோப்பு பல மணி நேரம் ஏறி, முடியும் தறுவாயில் தோற்கும். 8 எம்பித் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. இரவுஒளி

நான் கோவில் விழாக்களைப் படம்பிடிக்கிறவன். தரமாற்றத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் கூத்து மற்றக் காணொளி போன்றது அல்ல.

கணக்குப்பிள்ளை சொன்ன 1.6 எம்பிபிஎஸ் பகல் காட்சிக்குப் போதும். கூத்தில் ஒரே ஒரு எல்இடி விளக்கு, சுற்றிலும் இருட்டு. போன் கேமரா வெளிச்சத்தைக் கூட்ட முயன்று, கறுப்பு முழுவதும் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகளை நிரப்பிவிடும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு பிரேமிலும் மாறுவதால், சுருக்கும் நிரலுக்கு அவை எல்லாமே புதிய தகவல். தரத்தை நிலையாக வைத்துச் சுருக்கினால் கோப்பு ஊதிப்போகும். பிட்ரேட்டை (நொடிக்கு ஆகும் தரவை) நிலையாக வைத்தால் இருட்டுக்கு பிட்டுகளைச் செலவழித்துவிட்டு, கிரீடத்தையும் முகவெழுத்தையும் கட்டம் கட்டமாக ஆக்கிவிடும். எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மாற்றும் நிரலில் சுருக்குவதற்கு முன்பு இரைச்சல் நீக்கும் வடிகட்டி ஒன்றை மென்மையாகப் போடுங்கள், உச்ச பிட்ரேட்டுக்கு ஒரு வரம்பும் வையுங்கள். மிகையாகப் போட்டால் அரிதாரத்தின் கோடுகள் மெழுகு போல ஆகிவிடும் என்பதால், திரை பிடித்து வேடம் வெளிவரும் இடத்தில் இரண்டு நிமிடத்தை வெட்டி, நான்கைந்து அளவில் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஒலி இன்னும் முக்கியம். போன்கள் பிரேம் வேகத்தை ஒரே சீராக வைப்பதில்லை; இருட்டானால் குறைக்கும். அதைக் கவனிக்காமல் மாற்றினால் ஒரு மணி நேரம் கழித்து அடவுக்கும் மத்தளத்துக்கும் பொருந்தாமல் போகும். தாளம் தவறிய கூத்தைப் பார்ப்பது உங்கள் அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாற்றும்போதே நிலையான பிரேம் வேகத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

2017க்குப் பிந்தைய ஐபோன்கள் இயல்பாக எச்இவிசி என்ற சுருக்க வடிவத்தில் பதிவு செய்கின்றன. எல்லா உலாவிகளும் அதை ஓட்டுவதில்லை. ஆகவே வருவது எதுவானாலும் பரவலாக ஓடும் எச்.264 வடிவத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது மெட்டாடேட்டாவை அழித்துவிடுங்கள். போன் காணொளியில் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை இருக்கும். ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் நடந்த ஒத்திகையைப் பதிவேற்றினால் அவர் வீட்டு முகவரியையே பதிவேற்றியதாக ஆகும்.

கடைசியாக, மாற்றும் வேலையை விபிஎஸ்ஸில் வைக்க வேண்டாம். இரண்டு கோர் விபிஎஸ்ஸில் நான் செய்து பார்த்தேன். ஒரு மணி நேரப் பதிவை மூன்று தரத்துக்கு மாற்ற ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. இரவு முழுக்க சிபியூவை நூறு சதவீதத்தில் வைத்திருந்ததால், பகிர்ந்த சிபியூவை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுவனத்திடமிருந்து மடலும் வந்தது. வீட்டில் ஓரளவு நல்ல கணினி இருந்தால் அதுவே போதும். ஸ்டோரேஜிலிருந்து எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றட்டும். ஒரு நாள் தாமதமானால் யாருக்கும் நட்டமில்லை.

8. தோப்புக்காரர்

பீர்டியூப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய, சொந்தக் காணொளித் தளம் நடத்துவதற்கான கட்டற்ற மென்பொருள், 2018 அக்டோபரில் முதல் பதிப்பு. பயனர் கணக்கு, அறுந்தால் தொடரும் பதிவேற்றம், தரமாற்ற வரிசை, மட்டுறுத்தல் எல்லாம் கட்டப்பட்டே வருகிறது. காணொளிகளை எஸ்3 வகை ஸ்டோரேஜில் வைக்கலாம். 5.2 பதிப்பிலிருந்து தரமாற்றத்தை வேறு கணினியில், இரவுஒளி சொன்னது போல வீட்டுக் கணினியில்கூட, ஓட்ட முடியும். சொந்தமாக எழுதியதைத் தூக்கிப் போட மனம் வந்தால் இது ஆறு மாத உழைப்பை மிச்சப்படுத்தும்.

பார்ப்பவர்களின் உலாவிகள் காணொளியைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் வசதி அதில் உண்டு; அதனால் பேண்ட்வித் குறையும் என்பதை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். ஒரே காணொளியை ஒரே நேரத்தில் பலர் பார்த்தால்தான் அது பயன் தரும். உங்கள் பார்வையாளர்கள் அறுபது இரவுகளில் சிதறிக் கிடப்பார்கள்.

9. பழையசர்வர்

தோப்புக்காரர் சொன்னதை ஆமோதிக்கிறேன். அதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை.

அந்நியர்கள் தரும் கோப்பை உங்கள் கணினி திறந்து படிக்கிறது என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். 2016இல் எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு குறை வெளியானது: காணொளி என்ற பெயரில் ஒரு எச்எல்எஸ் பட்டியலை (காணொளித் துண்டுகளின் முகவரிகளை வரிசையாக எழுதிய கோப்பை) கொடுத்தால், அதில் எழுதியுள்ள முகவரிகளை நிரல் தானே போய் எடுக்கும், அதன் வழியே சர்வரின் உட்கோப்புகளையே வெளியே கொண்டுபோக முடிந்தது. அந்தக் குறை திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் தரமாற்றத்தை, வெளி இணைப்பு இல்லாத, வேறு கோப்பு எதுவும் இல்லாத தனிக் கன்டெய்னரில் (கணினியின் மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த சூழலில்) ஓட்டுவதே முறை. வீட்டுக் கணினியில் செய்வதானால் இது இன்னும் அவசியம்; குடும்பப் படங்கள் இருக்கும் இயந்திரம் அது. பயனர் கோப்புகளைத் தளத்தின் முகவரியிலிருந்து கொடுக்காமல் தனி டொமைனிலிருந்து கொடுங்கள்.

10. சாட்சியம்

நான் வழக்கறிஞர். தொழில்நுட்பத்தில் நுழைய மாட்டேன். ஆனால் ஹோஸ்டிங்கைத் தேர்ந்தெடுப்பதில் சட்டத்துக்கும் பங்கு இருப்பதால் எழுதுகிறேன்.

பயனர்கள் பதிவேற்றுவதை வெளியிடும்போது நீங்கள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி இடைநிலையாளர். அச்சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, 2021ஆம் ஆண்டு விதிகளைப் பின்பற்றினால்தான் நிற்கும். குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் அளவுக்கு அது நீங்களாகவே இருக்கலாம். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றதாக அறிவிக்க வேண்டும். நீதிமன்ற அல்லது அரசு உத்தரவின் பேரில் நீக்குவதற்கு 2021இல் வைத்த கெடு 36 மணி நேரம். இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன, நடப்பு வாசகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கெடு மணிக்கணக்கில் என்பதால், கோப்பை நீக்கியவுடன் சிடிஎன்னில் தங்கிய பிரதிகளையும் உடனே நீக்க வழி உள்ள சேவையாகப் பாருங்கள். புகார் வந்தால் அந்த ஒரு காணொளியை மட்டும் நிறுத்துவார்களா, கணக்கையே நிறுத்துவார்களா என்பதையும் வாங்குமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாரும் பேசாதது. பதிவேற்றியவருக்குக் காணொளி சொந்தமாக இருக்கலாம். ஆடியவருக்கும் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துக் கலைஞர் உரிமையை ஐம்பது ஆண்டுகளுக்குத் தருகிறது. ஜமா வாத்தியாரிடம் ஒரு பக்க இசைவுக் கடிதம் வாங்கி, அந்தக் காணொளியின் பதிவோடு இணைத்து வையுங்கள். ஓர் இரவு முழுக்கக் கட்டை அணிகளைக் கட்டி ஆடியவர், தம்மைக் கேட்காமலேயே உலகம் பார்க்கிறது என்று பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது.

11. அதிகாலைக்கூத்து

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, பொறுத்தருள்க. சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

தளத்தைச் சிறிய விபிஎஸ் ஒன்றுக்கு மாற்றினேன், மாதம் பன்னிரண்டு டாலர். பார்க்கும் பிரதிகள் ஆர்2யில். பீர்டியூபை இரண்டு நாள் நிறுவிப் பார்த்தேன், மிக நன்றாக இருந்தது. ஆனால் ஊர், ஜமா, வேடம், விழாவின் எத்தனையாவது நாள் என்று எங்கள் தளத்தில் கட்டியுள்ள தேடலை விட மனம் வரவில்லை. ஆகவே பழைய நிரலிலேயே அப்பியைச் சேர்த்து, 8 எம்பித் துண்டாக நேரே ஸ்டோரேஜுக்கு ஏறும்படி செய்தேன்.

மூலக்கோப்புகளை அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ் என்ற நெடுநாள் சேமிப்பில் வைப்பதாக முதலில் நினைத்தேன். ஜிபிக்கு மாதம் ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு என்பதால் 3.7 டிபிக்கும் நான்கு டாலருக்குள் முடியும். பிறகு கணக்குப்பிள்ளை வழியில் திரும்பி எடுக்கும் கணக்கைப் போட்டேன். எல்லாவற்றையும் ஒரு நாள் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தால் முந்நூறு டாலருக்கு மேல் ஆகும். எனவே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை எங்கள் வீட்டிலும் மற்றொன்றை அக்கா வீட்டிலும் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு டிஸ்க்கும் கெட்டுப்போகும் நாளுக்கு மட்டுமே டீப் ஆர்கைவ்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டேன். 61 ஜிபியை 2 எம்பிபிஎஸ்ஸில் ஏற்ற கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். முழு இரவுப் பதிவை யாரிடமும் இணையத்தில் கேட்பது முறையல்ல. பார்வையாளர்கள் இருபது நிமிடம்வரை ஏற்றலாம். முழுப் பதிவு வைத்திருப்பவர்களிடம் மெமரி கார்டை நேரில் போய் வாங்கிக்கொள்கிறேன். பழைய கேமரா கார்டுகளில் 4 ஜிபிக்கு ஒரு கோப்பாக உடைந்து, ஓர் இரவுக்குப் பதினைந்து பதினாறு துண்டுகளாக இருக்கின்றன. இணைப்பதை வீட்டுக் கணினி செய்கிறது. போகும்போதே வாத்தியாரிடம் இசைவுக் கடிதமும் வாங்கிவிடுகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும், தாம் கால் இடறிய ஒரு காட்சியை எடுத்துவிடும்படி கேட்டார், எடுத்துவிட்டேன்.

மொத்தம் மாதம் இருபத்தாறு டாலருக்குள் நிற்கிறது.

12. மேகமலை

மகிழ்ச்சி ஐயா. இரண்டே குறிப்புகள். பாதியில் கைவிட்ட பதிவேற்றங்களின் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் ஸ்டோரேஜில் தங்கி, இடத்துக்குக் கட்டணம் ஏறும். ஆர்2 அவற்றை ஏழு நாளில் தானே அழிக்கும். எஸ்3யில் அதற்கான விதியை நீங்கள்தான் எழுத வேண்டும். இரண்டாவது, அறுபது இரவுகளை ஆறு விநாடித் துண்டுகளாக மூன்று தரத்தில் வெட்டினால் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் வரும். நாளை வேறு இடத்துக்கு மாற நேர்ந்தால் இத்தனை கோப்பை நகர்த்துவது பெரும்பாடு. ஒரு தரத்துக்கு ஒரே கோப்பாக வைத்து, அதன் பைட் எல்லைகளை மட்டும் பட்டியலில் குறிக்க எச்எல்எஸ் இடம் தருகிறது. இப்போதே அப்படி மாற்றிவிட்டால் 180 கோப்புகளோடு முடியும்.

13. அதிகாலைக்கூத்து

நன்றி. அந்த மாற்றத்தை இந்த வாரம் தொடங்குகிறேன். பட்டியல் பழைய துண்டு முகவரிகளையும் சிறிது காலம் ஏற்கும்படி வைத்துக்கொள்கிறேன்.

முதல் பதிவில் நான் குறிப்பிட்ட செஞ்சி நண்பரிடம் போன் செய்து, இன்னொரு முறை முயலும்படி கேட்டுக்கொண்டேன். நேற்றிரவு 900 எம்பி கோப்பு ஒன்றை அவர் ஏற்றினார். 113 துண்டுகளில் 71ஆவது போகும்போது ஊரில் கரண்ட் போய், சற்று நேரத்தில் டவரும் நின்றுவிட்டதாம். போனை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் அதே பக்கத்தைத் திறந்தபோது அந்த 71இலிருந்தே தொடர்ந்தது. காணொளி இப்போது தரமாற்ற வரிசையில் இருக்கிறது. பின்பாட்டுக்காரர் குரல் நன்றாகப் பதிவாகியிருக்கிறது.